வழங்கிகளும் வழிநூல்களும்

இலக்கியம் பேசுவதற்கென்று கூடிய இடத்தில் வழங்கி மென்பொருளைப் பற்றி எழுத வந்திருப்பதைக் கண்டு நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். நாம் தேடிப் படிக்கும் பழைய நூல்கள், ஆய்வேடுகள், நூற்பட்டியல்கள் எல்லாம் இன்று ஏதேனுமொரு வழங்கியில்தான், அதாவது பலர் கேட்பதைப் பலருக்கும் ஒரே நேரத்தில் எடுத்துத் தருவதற்கென்று எங்கோ விழித்திருக்கும் கணினியில்தான், அடைக்கலம் புகுந்திருக்கின்றன. 2005இல் தொடங்கப்பெற்ற ஈழத்து நூலகம் திட்டம் மீடியாவிக்கி என்னும் மென்பொருளைக் கொண்டு வளர்ந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா, டிஸ்பேஸ் என்னும் மென்பொருளின்மேல் நிற்கிறது. சுவடிகளைக் கறையான் அரித்ததற்காக இன்றளவும் வருந்துகிற நாம், இன்றைய சுவடிகள் எந்தப் பரணில் கிடக்கின்றன, அந்தப் பரணை யார் துடைத்துப் பேணுகிறார்கள் என்று கேட்காமலிருப்பது முறையாகாது.

கேள்வி இதுதான். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் பிறந்து வளர்ந்த வழங்கி மென்பொருட்களை விண்டோஸ் முதலிய பிற இயங்குதளங்களுக்குப் பெயர்த்துத் தரலாமா, கூடாதா? கணினித் துறையினர் இதனை ‘போர்ட்’ செய்வது என்கிறார்கள். நாம் பெயர்ப்பு என்றே சொல்லிச் செல்வோம். மொழிபெயர்ப்பைப் பற்றி ஆயிரம் சண்டை போட்டுப் பழகிய நமக்கு அந்தச் சொல் பொருத்தமாகவே இருக்கிறது.

இது ஏதோ சிலிக்கான் பள்ளத்தாக்கின் விவகாரமன்று. புதியம்புத்தூரில் குடியிருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் நமக்கு, இது நித்தமும் எதிர்ப்படும் சங்கதி. கோவில்பட்டி தொடங்கித் தூத்துக்குடி வரை இந்தக் கரிசல் வட்டாரத்துக் கல்லூரிகளுள் எதற்குள் நுழைந்தாலும், கணினி அறையில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ். அதைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அறிந்ததும் விண்டோஸ். கல்லூரி நூலகங்கள் பலவற்றில் வழங்கிய, இன்ஃப்லிப்நெட் நிறுவனம் 2009இல் வெளியிட்ட சோல் 2.0 என்னும் நூலக மென்பொருளும் விண்டோஸை நம்பி எழுதப்பட்டதுதான். நிலைமை இப்படியிருக்க, உலகத்தின் நல்ல கட்டற்ற வழங்கி மென்பொருட்களில் பெரும்பாலானவை யுனிக்ஸ் மண்ணில் முளைத்தவை. இடையில் ஒரு வாய்க்கால் வெட்டவேண்டுமா வேண்டாமா என்பதே வழக்கு.

முதலில், பெயர்ப்பது ஏன் கடினம் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நிரலை எடுத்துப்போய் இன்னொரு கணினியில் வைத்தால் ஓடிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடாது. யுனிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயல்முறை, வாழை பக்கக்கன்று விடுவதுபோல, தன்னையே ஒத்த இன்னொன்றை நொடியில் ஈன்றுவிடும். தாயிடம் இருந்த நினைவும் திறந்துவைத்த கோப்புகளும் கன்றுக்கும் கிட்டும். ‘ஃபோர்க்’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வாசகருக்கும் ஒவ்வொரு கன்று என்று வழங்கி மென்பொருள் பலவும் இந்தப் பழக்கத்தின்மீதே கட்டப்பட்டிருக்கின்றன. விண்டோஸில் இந்த வழக்கமே கிடையாது. அங்கே புதிய செயல்முறை வெறுங்கையுடன் பிறக்கும். வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையளிக்க வேண்டும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் யுனிக்ஸுக்கு வேறு வேறு; விண்டோஸுக்குப் பெரும்பாலும் ஒன்றே. (அந்தத் தொல்லையே இல்லாத எழுத்தைப் படைத்துக்கொண்ட முன்னோரை இவ்விடத்தில் வாழ்த்தத் தோன்றுகிறது.) வரி முடியும் இடத்தைக் குறிப்பதில்கூட இரண்டுக்கும் ஒற்றுமையில்லை.

ஆகவே பெயர்ப்பவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, விண்டோஸுக்குள்ளேயே யுனிக்ஸைப்போல் நடிக்கும் ஓர் இடையடுக்கை வைத்து, அதன்மேல் பழைய நிரலை ஏற்றிவிடுவது. 1995இல் சிக்னஸ் நிறுவனம் தொடங்கிய சிக்வின் இத்தகையது. மற்றது, நிரலையே பிரித்து, விண்டோஸின் இயல்புக்கேற்ப நேரடியாக எழுதுவது. ஆங்கிலத்தின் வழியாக வந்த வங்க நாவல்களையும், சு. கிருஷ்ணமூர்த்தி வங்கத்திலிருந்தே நேராகத் தமிழில் தந்த ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யையும் ஒருங்கே படித்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இடைமொழி வழியாக வந்ததும் படிக்கக் கிடைத்தது, அதற்கு நன்றி. ஆயினும் இடையில் ஏதோ மந்தமாகிவிடுகிறது. சிக்வினிலும் அப்படியே. கன்று ஈனுவதுபோல் நடிப்பதற்கு அது படும் பாட்டில் வேகம் போய்விடும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை நம் சக பேராசிரியர் ஒருவர், கணினித் துறைக்காரர், பலமுறை நம்மிடம் உரைத்திருக்கிறார். அதை அதன் முழு வலிமையோடு இங்கே வைக்க வேண்டியது நம் கடமை. கட்டற்ற மென்பொருளை எழுதுவோர் கைச்சோறு உண்டு உழைக்கும் தன்னார்வலர்கள். அவர்களுடைய பொழுது எண்ணி வைத்த காசு. அதில் பாதியை, மூலநிரல் காட்ட மறுக்கும் ஒரு நிறுவனத்தின் இயங்குதளத்துக்கு ஒத்துப்போகச் செலவிடுவது, அந்த நிறுவனத்துக்குச் செய்யும் கூலியில்லா ஊழியம். மேலும், நல்ல மென்பொருளெல்லாம் விண்டோஸிலேயே கிடைத்துவிட்டால் எவர்தான் லினக்ஸுக்கு வருவார்? நல்ல பள்ளிக்கூடத்தைத் தேடி ஊர் மாறத் துணிந்தவனிடம், இருந்த இடத்திலேயே ஒரு கிளை திறந்து தருகிறோம் என்று சொல்லிப் பயணத்தைத் தடுப்பதாகும் அது. தமிழ்நாட்டிலேயே எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006–2007இல் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. முடியும் என்பதற்கு அது சான்று; முடியாது என்பது சோம்பலின் குரல். இவ்வளவும் நண்பரின் கட்சி.

இதில் உண்மை இல்லாமலில்லை. உழைப்பு எண்ணி வைத்த காசு என்பது முற்றிலும் மெய். அதை நாம் பின்னால் எடுத்துக்கொள்வோம். ஆனால் தூய்மை பற்றிய பாதியை நாம் ஏற்பதற்கில்லை.

காரணம், யுனிக்ஸே பெயர்ப்பினால் வாழ்ந்த உயிர். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதனை ஒரு பழைய பிடிபி-7 பொறிக்காக, அந்தப் பொறிக்கே உரிய மொழியில் எழுதினார். 1973இல் டென்னிஸ் ரிட்சியின் சி மொழியில் அதைத் திருப்பி எழுதினார்கள். அதன்பின் 1977இல் ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழகத்தில் அதை இன்டர்டேட்டா என்னும் வேறொரு பொறிக்குப் பெயர்த்தார்கள். ஏறத்தாழ அதே வேளையில் பெல் ஆய்வகத்தாரும் அதே இனத்துப் பொறியொன்றுக்குப் பெயர்த்தனர். பிறந்த பொறி எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. யுனிக்ஸ் இருக்கிறது. லினக்ஸின் கதையும் அதுவே. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை அறிவித்தபோது, 386 பொறிக்கென்றே எழுதியது, வேறெதற்கும் பெயராது என்று தாமே சொல்லித்தான் வெளியிட்டார். இன்று அது நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசி வரை பெயர்ந்து வந்துவிட்டது. பெயர்ப்பால் பிழைத்த குலம், பிறர் வீட்டுக்குப் பெயர்வதை மட்டும் தீட்டென்று சொல்வது வேடிக்கை.

நம் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய அவர், கலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களையும் வெளிநாட்டில்தான் வாங்கினார். அவை அந்நியன் கட்டிய கப்பல்கள் ஆயிற்றே என்று எவரும் அவருடைய சுதேசியத்தைக் குறைசொல்லவில்லை. சுக்கான் யார் கையில் என்பதே அன்றைய கேள்வியாக இருந்தது.

இந்த வாய்க்காலின் வழியாக வந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதியம்புத்தூர் ஆயத்த ஆடைக்குப் பேர்போன ஊர். தெருவுக்குத் தெரு தையல் பொறிகளின் இரைச்சல்; தீபாவளி நெருங்கினால் இரவிலும் ஓயாது. அப்படியொரு தையல் கூடத்துக் குடும்பத்திலிருந்து வந்து நம்மிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர், இன்று சென்னையில் வழங்கிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். முழுக்க லினக்ஸ். அவர் தொடங்கியது 2011க்குப் பின் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில். அதில் விண்டோஸும், சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. பாஸ் லினக்ஸை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடியதோடு சரி. விண்டோஸில்தான் எக்ஸாம்ப் என்ற தொகுப்பை நிறுவினார். அப்பாச்சி வழங்கி, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், பி.எச்.பி. மொழி ஆகியவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டி, இரண்டு சொடுக்கில் விண்டோஸில் நிறுவத் தந்தது அது. யுனிக்ஸ் மண்ணின் சரக்கு, விண்டோஸ் சந்தையில். அதைக்கொண்டு தந்தையாரின் கூடத்துக்கு பீஸ் கணக்கு எழுதும் ஒரு சிறு நிரலைச் செய்தார். யார் எத்தனை காஜா அடித்தார்கள், எத்தனை உருப்படி ஓவர்லாக் ஆயிற்று என்பதெல்லாம் அதில் ஏறின.

சென்ற பொங்கலுக்கு வந்தவரிடம் நம் நண்பரின் வாதத்தைச் சொன்னோம். “சார், மொதல்லயே லினக்ஸ்லதான் செய்யணும்னு சொல்லியிருந்தா, நான் அந்தப் பக்கமே எட்டிப் பாத்திருக்க மாட்டேன். உள்ள வந்தபெறகுதான சார் இந்த வீடு யாருதுன்னே தெரிஞ்சுது” என்றார். நண்பரின் பள்ளிக்கூட உவமையை இந்த ஒரு வாக்கியம் தலைகீழாக்கிவிடுகிறது. கிளை திறந்ததால் பயணம் நிற்கவில்லை. கிளையில் படித்ததனால்தான் பயணம் தொடங்கியது. இவரைப்போல் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊர்ப்புறப் பிள்ளைகள் இத்துறைக்குள் நுழைந்த கதையைக் கேட்கும்போதெல்லாம் எக்ஸாம்ப் அல்லது வாம்ப் என்ற பெயர் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது.

தையல் கூடத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்று. வளரும் பிள்ளைக்குத் தைக்கிற சட்டைக்கு நல்ல தையல்காரர் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார். அடுத்த ஆண்டு பிரித்து விட்டுக்கொள்ளலாம். மலிவுச் சரக்கில் அந்தத் துணியை மிச்சம் பிடித்துவிடுவார்கள், பிரித்தால் கிழியும். பெயர்ப்புக்கு இடம் தரும் மென்பொருளும் அப்படித்தான். அப்பாச்சி வழங்கியின் 1.3 பதிப்பு 1998இல் விண்டோஸுக்கு வந்தது. யுனிக்ஸில் உள்ள உறுதியை இதில் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர்களே எச்சரித்துத் தந்தார்கள். 2002இல் வந்த 2.0 பதிப்பில் தையலையே பிரித்துவிட்டார்கள். இயங்குதளத்தோடு பேசுகிற வேலையையெல்லாம் தனியோர் அடுக்காக ஒதுக்கினார்கள். யுனிக்ஸில் பல செயல்முறைகளாகவும், விண்டோஸில் ஒரே செயல்முறைக்குள் பல இழைகளாகவும் ஓடும்படி அந்தந்த மண்ணுக்கேற்ற பகுதியை மாற்றிப் பொருத்த வழி செய்தார்கள். இதனால் விண்டோஸ்காரர்கள் மட்டுமா பயன்பெற்றார்கள்? எது மென்பொருளின் சொந்த எலும்பு, எது இயங்குதளத்திடம் இரவல் வாங்கிய சதை என்று எழுதியவர்களுக்கே தெளிவாயிற்று. பெயர்ப்பவனின் கேள்விகள் மூலத்தையும் தெளிவாக்கும் என்பது மொழிபெயர்ப்பாளர்களோடு பழகிய ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இனி நம் உண்மையான கவலைக்கு வருவோம். மேலே சொன்னதிலிருந்து, எல்லாவற்றையும் எல்லா இடத்துக்கும் பெயர்த்துவிடலாம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பகுத்து, வழிநூலின் நால்வகையுள் ஒன்றாக மொழிபெயர்ப்பையும் வைக்கிறது. ஆனால் நூலுக்கும் மென்பொருளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சிலப்பதிகாரம் இனி மாறப்போவதில்லை. ஒருவர் அதை ஒருமுறை நன்கு பெயர்த்துவிட்டால் நூறாண்டு நிற்கும். மென்பொருளின் முதல்நூல் மாதந்தோறும் திருத்தப்படுகிறது. ஓட்டைகள் கண்டறியப்பட்டு அடைக்கப்படுகின்றன. வழிநூல் தனியே பிரிந்துபோய்விட்டால், முதல்நூலில் அடைத்த ஓட்டை வழிநூலில் திறந்தே கிடக்கும். பெயர்த்தவர் ஒருநாள் சலித்துப்போய்க் கையை உதறினால், அதை நம்பித் தம் ஏடுகளை ஒப்படைத்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். ஆகவே பெயர்க்கலாமா என்பதைக் காட்டிலும், பெயர்ப்பு எங்கே வாழும் என்பதே முதன்மையான கேள்வி. முதல்நூலுக்குள்ளேயே, அதன் ஆசிரியர் குழுவின் பொறுப்பிலேயே வாழுமானால் பெயர்க்க வேண்டும். அன்றேல் பெயர்க்காமலிருப்பதே தருமம். இது நம் துணிபு.

இரண்டுக்கும் சான்றுகள் இருக்கின்றன. ரெடிஸ் என்னும் தரவுத்தளத்தை எழுதிய இத்தாலியர் சல்வத்தோரே சன்ஃபிலிப்போ, விண்டோஸ் பெயர்ப்பைத் தம் தாய்நிரலில் சேர்க்க மறுத்தார். வேண்டுமானால் தனித் திட்டமாக இருக்கட்டும் என்றார். மைக்ரோசாஃப்ட்டே ஒரு துணை நிறுவனத்தின் மூலம் தனிக்கிளையாக அதைப் பெயர்த்து வளர்த்தது. துணை நிறுவனம் 2015இல் தாய் நிறுவனத்தோடு கரைந்தது. பெயர்ப்பு 3.0 வரிசையோடு 2016இல் நின்றுபோயிற்று. தாய்மரம் அதன்பின் எத்தனையோ பதிப்புகள் கண்டுவிட்டது. பணத்துக்குப் பஞ்சமில்லாத நிறுவனம் செய்த பெயர்ப்புக்கே இந்தக் கதி என்றால், யாரோ ஒரு தன்னார்வலர் விடுமுறையில் செய்து வைத்த பெயர்ப்பைப் பற்றி என்ன சொல்ல?

இதற்கு மறுதலை போஸ்ட்கிரெஸ். நெடுங்காலம் சிக்வின் வழியாக மட்டுமே விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த இந்தத் தரவுத்தளம், 2005 சனவரியில் வெளிவந்த 8.0 பதிப்பில் நேரடிப் பெயர்ப்பாக, முதல்நூலின் உள்ளேயே இடம்பெற்றது. கன்று ஈனும் வழக்கமில்லாத மண்ணில் புதிய செயல்முறையை எழுப்பி, அதற்கு வேண்டியதைக் கையளிக்கும் ஏற்பாட்டை அவர்களே எழுதினார்கள். அதற்குச் சற்று முன் 2004இல் அவர்கள் தொடங்கிய ‘பில்ட்ஃபார்ம்’ என்றொரு பண்ணை உண்டு. உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் வெவ்வேறு கணினிகள், வெவ்வேறு இயங்குதளங்கள், மூலநிரலில் ஒவ்வொரு மாற்றம் நிகழும்போதும் அதை எடுத்துக் கட்டியும் சோதித்தும் பார்த்து, எங்கே முறிந்தது என்று தெரிவிக்கும். லினக்ஸ்காரர் ஒருவர் செய்த திருத்தத்தால் விண்டோஸில் ஏதேனும் உடைந்தால் விரைவிலேயே தெரிந்துவிடும். கரிசலில் ஒரு பருவத்துக்கு விதைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, இப்படி நாள்தோறும் அறுவடை பார்க்கும் பண்ணை சற்றே பொறாமை தருவதுதான்.

தமிழுக்கு இதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. விண்டோஸுக்கு முதன்முதலாக வந்த அந்த 8.0 பதிப்பில், தமிழ் யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படும் யூடிஎஃப்-8 குறியேற்றம் விண்டோஸில் ஒழுங்காக இயங்கவில்லை. விண்டோஸ் உள்ளுக்குள் யூடிஎஃப்-16 என்ற வேறு முறையைக் கையாள்வதே காரணம். ஆங்கிலத்துக்குப் பெரிய பாதகமில்லை, நமக்குத்தான் அடி. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வந்த 8.1 பதிப்பு இரண்டையும் இணைத்து அதைச் சரிசெய்துவிட்டது. பெயர்ப்பு முதல்நூலுக்குள் இருந்ததால் பத்து மாதங்களில் வழி பிறந்தது. தனிக்கிளையாகத் தொங்கிக்கொண்டிருந்தால் யார் நமக்காக உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்?

இதைவிட நுட்பமான இன்னொன்று அகரவரிசை. தமிழாசிரியர்கள் இதில் தலையிட வேண்டும் என்று நாம் நெடுநாளாகச் சொல்லிவருகிறோம். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்கள் நம் அகராதி வரிசையில் இல்லை. அங்கே னகரம் நகரத்தை ஒட்டி முன்னாலேயே வந்துவிடும். றகரம் ரகரத்தின் பக்கத்தில் அமரும். புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் கடைசியில் நிற்கும். அந்த எண்களை மட்டும் பார்த்து ஒரு கணினி சொற்களை அடுக்கினால், மரத்துக்கு முன் மனம் வரும். அக்கத்துக்கு முன் அகம் வரும். அகராதியிலோ மரம்தான் முன், அக்கம்தான் முன். சரியாக அடுக்க வேண்டுமெனில் மொழிக்குரிய விதிகள் வேண்டும். அந்த விதிகளைப் பழைய வழங்கி மென்பொருட்கள் தாம் வைத்துக்கொள்ளாமல் இயங்குதளத்திடம் கேட்டு வாங்கின. லினக்ஸ் ஒன்று சொல்லும், விண்டோஸ் மற்றொன்று சொல்லும். ஒரே நூற்பட்டியலை இரண்டு கல்லூரிகளில் வைத்தால் இரண்டு வரிசை. தலைப்பு அட்டைகளைக் கையால் அடுக்கிய நூலகர் காலத்தில்கூட இந்தக் கூத்து நடந்ததில்லை.

போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில், ஐசியு என்ற பொது நூலகத்தின் விதிகளைப் பயன்படுத்தும் வசதியைச் சேர்த்தது. அதன் அதே பதிப்பைக் கையாண்டால் எந்த இயங்குதளத்திலும் ஒரே வரிசை. தமிழுக்குரிய வரிசை விதிகளும் அதில் உண்டு. பல இயங்குதளங்களில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒரு மென்பொருள் இந்த முடிச்சை இவ்வளவு எளிதில் அவிழ்க்க முன்வந்திருக்காது என்பது நம் எண்ணம்.

நூலக மென்பொருட்களிலேயே இரண்டு போக்குகளையும் காணலாம். வியப்பு என்னவெனில் இரண்டும் நியூசிலாந்தில் பிறந்தவை. ஒன்று கோஹா, மவோரி மொழியில் கொடை என்று பொருள். ஹோரோவெனுவா என்னும் வட்டாரத்து நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000 சனவரியில் செயலுக்கு வந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளை விண்டோஸில் ஓட்ட ஆர்வலர்கள் முயன்றதுண்டு. நாளடைவில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. இன்று டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகளில் நிறுவுவதே முறை. மற்றது கிரீன்ஸ்டோன், வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் இயன் விட்டன் குழுவினர் உருவாக்கியது. 2000 முதல் யுனெஸ்கோவும் அதில் கைகோத்தது. வளரும் நாடுகளில் இருப்பது பழைய விண்டோஸ் கணினிகளே, இணையமும் அரிது என்று கண்டு, பழைய விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்படியும், திரட்டிய நூல்களைக் குறுந்தகட்டில் ஏற்றிக் கொடுக்கும்படியும் அதைத் திட்டமிட்டே செய்தார்கள்.

நாம் கோஹாவைக் குறைசொல்ல வரவில்லை. எங்களால் இயலாது, லினக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்வது நேர்மை. இன்ஜினெக்ஸ் வழங்கியின் விண்டோஸ் பதிப்பைப் பற்றி அதன் ஆவணத்திலேயே, இது சோதனைநிலையில் உள்ளது, எத்தனை பணியாளர் செயல்முறைகளைத் தொடங்கினாலும் ஒன்றுதான் உண்மையில் வேலை செய்யும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துவிட்டு எடுப்பவர் எடுக்கலாம். நமக்குப் பொறுக்காதது, ஓடுகிறது என்று அறிவித்துவிட்டு ஓராண்டில் மறந்துபோகும் பெயர்ப்புகளே. சிற்றூர்க் கல்லூரிக்கு அவற்றால் நேரும் கேடு பெரிது. மாநகரத்துக்காரர்கள் ஒரு வாரத்தில் வேறிடம் மாறிவிடுவார்கள். இங்கே பதினைந்து ஆயிரம் நூல்களின் பட்டியலை ஒரு கோடை முழுதும் உட்கார்ந்து தட்டச்சிட்ட உதவியாளர் ஒருவரிடம், இன்னொரு முறை தொடங்கலாமா என்று கேட்க எவருக்கும் வாய் வராது.

இப்போது ஒரு புதிய வாதம் கிளம்பியிருக்கிறது. பெயர்ப்பே இனித் தேவையில்லை, மண்ணையே தொட்டியில் அள்ளிக்கொண்டு போகலாம் என்று. 2016இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் நிரல்கள் ஓடும் துணைத்தளம் ஒன்றை அறிவித்தது. 2019இல் அறிவித்த அதன் இரண்டாம் பதிப்பில் உண்மையான லினக்ஸ் கருவையே உள்ளே வைத்தார்கள். டாக்கர் முதலியவையும் இவ்வழியே. போதாக்குறைக்கு எதிர்த்திசையிலும் பெயர்ப்பு நடந்தேறிவிட்டது. விண்டோஸின் சொந்தச் சரக்கான எஸ்க்யூஎல் சர்வர் 2017இல் லினக்ஸுக்குக் குடிவந்தது. பத்தாண்டு முன்பு இதைச் சொல்லியிருந்தால் நம் கணினித் துறை நண்பர் சிரித்திருப்பார்.

தொட்டிச்செடி வாதத்தில் சாரம் உண்டு. கற்பவருக்கு அது நல்ல வழி. இன்று தொடங்கும் மாணவருக்கு எக்ஸாம்பைவிட அதையே பரிந்துரைப்போம். ஆனால் தொட்டிக்கும் இடம் வேண்டும். விண்டோஸுக்குள் ஒரு முழு லினக்ஸை மெய்நிகராக ஓட்ட, நினைவகம் தாராளமாக உள்ள, அண்மைக்காலக் கணினி வேண்டும். நம் கல்லூரி அறைகளில் அவை அரிது. கோவில்பட்டி வேளாண் ஆய்வு நிலையம் 1901 முதல் செய்துவருவதும் இம்மண்ணுக்கு எது பிடிக்கும் என்ற ஆராய்ச்சியைத்தானே. மானாவாரிக் கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி நின்றது. கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனமுள்ள செம்மண்ணைத் தேடிப் போயிற்று. தண்ணீர் இருப்பவனுக்குச் சொல்லும் யோசனையை வானம் பார்த்தவனுக்குச் சொல்லிப் பயனில்லை.

நம் நண்பருக்கு எதிர்பாராத ஓர் உதவி மைக்ரோசாஃப்ட்டிடமிருந்தே வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் செயலியும் இல்லாத பழைய கணினிகள் கல்லூரிகளில் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். வழங்கியாக வைப்பதற்கு அதைக்காட்டிலும் சிக்கனமான ஏற்பாடு வேறில்லை. லினக்ஸ் அறிந்த ஒரே ஒரு உதவியாளர் இருக்கும் கல்லூரிகூட, வழங்கியைத் தாய்மண்ணிலேயே வைத்துக்கொள்வது நலம். இதில் நண்பரோடு நமக்கு வழக்கில்லை. அந்த ஒருவர் உருவாகும் வரை வாசலை அடைக்கக்கூடாது என்பதுதான் வழக்கு.

உழைப்பு எண்ணி வைத்த காசு என்றாரே நண்பர், அதற்கு இப்போது பதில். விண்டோஸில் வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். அப்படியானால் விண்டோஸில் சோதிக்க வேண்டியவர்களும் நாமே. நியூசிலாந்துக்காரரும் இத்தாலியரும் அல்லர். நம் வட்டாரக் கல்லூரிகளின் கணினித் துறைகளில் ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் செயல்திட்டம் செய்கிறார்கள். ஆண்டுதோறும் அதே நூலக மேலாண்மை அமைப்பு, அதே மாணவர் வருகைப் பதிவு. கெட்டி அட்டை போட்டுப் பொன்னெழுத்துப் பொறித்து, வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் அலமாரிக்குள் போகிறது. அதில் நான்கைந்து குழுக்களேனும், வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு வழங்கி மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை எடுத்து, தமிழ்த் தரவை ஏற்றி, எங்கே வரிசை பிறழ்கிறது, எங்கே எழுத்து உடைகிறது, தேடும்போது எந்தச் சொல் அகப்படாமல் போகிறது என்று பார்த்து, முதல்நூலின் ஆசிரியர்களுக்கே முறைப்படி எழுதி அனுப்பினால் போதும். கைப்பட நிரல் எழுதித் திருத்தி அனுப்ப முடிந்தால் இன்னும் நன்று. பில்ட்ஃபார்மில் ஒரு பழைய விண்டோஸ் கணினியைச் சேர்த்து ஓடவிட்டால்கூட உதவிதான்; மின்வெட்டு நேரத்தைக் கழித்துக்கொள்ளட்டும்.

இதற்குத் தமிழ்த்துறை என்ன செய்யும் என்ற கேள்வி எழும். சோதனைக்குச் சொற்பட்டியல் வேண்டுமல்லவா? மரம், மனம், மறம், மணம், அக்கம், அகம், ஆய்தம் வரும் சொற்கள், கிரந்த எழுத்து கலந்த பெயர்கள், ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக எவரோ பிரித்துத் தட்டச்சிட்டுவைத்த தலைப்புகள் என்று ஓர் ஐந்நூறு சொற்களை அகராதி வரிசைப்படி அடுக்கி வைத்திருக்கிறோம். நண்பரின் துறைக்கு அடுத்த பருவத்தில் அது போகும். வேறு கல்லூரியினர் கேட்டாலும் தரத் தடையில்லை.